இரண்டு மணிக்கு என் முறை

லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தில், எங்கள் சபைப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் சங்கிலி ஜெபம் வைப்போம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு வரை பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம். அதற்காகக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போக வேண்டியதில்லை. அவரவர் இருக்கும் இடத்திலேயே முழங்கால் போட்டு, அந்த வாரத்துக்கென்று சொல்லியிருக்கும் காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்த பெண்ணுக்கு ஒரு மிஸ்டு கால். போன் இரண்டு தரம் அடித்து நின்றால், நான் முடித்துவிட்டேன், நீங்கள் தொடங்குங்கள் என்று அர்த்தம். யாரும் எடுத்துப் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் ஊர்க்கதை வந்துவிடும் என்று முதலிலேயே அப்படி ஏற்பாடு செய்துகொண்டோம்.

என் முறை மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை. நானே கேட்டு வாங்கிய நேரம் அது. சித்தூரில் ஒரு காலனி அங்கன்வாடியில் ஆயா வேலை எனக்கு. சமைப்பது, பெருக்குவது, பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுவது. சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் டீச்சர் போனில் அன்றைய விவரங்களை ஏற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே அரிசி டின் பக்கத்தில் ஒரு கோணியைப் போட்டு முழங்கால் இடுவேன். யாருக்கும் கேட்காமல், வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் ஜெபிக்கலாம். சபையில் மற்ற எல்லா ஜெபத்துக்கும் வாயைத் திறக்க வேண்டும். அது என்னால் ஆகாது. சங்கிலி ஜெபத்தில் மட்டும்தான் நானும் மற்றவர்களோடு ஒருத்தியாக இருந்தேன்.

இந்த வருஷம் நான்காவது வெள்ளிக்கு எங்கள் பெண்கள் சங்கத்துச் செகரெட்டரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய காரியம் என் ஓரகத்தியின் ஆபரேஷன்.

என் கணவரின் அண்ணன் மனைவி அவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கர்ப்பப்பையில் கட்டி. சர்க்கரை ஏறி ஏறி இருந்ததால் இரண்டு தடவை தேதி தள்ளிப்போனது. கடைசியில் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. 'நம் சகோதரிக்காக ஊக்கமாக ஜெபியுங்கள். ஒரு கண்ணியும் அறுந்துபோக வேண்டாம்' என்று செகரெட்டரியம்மா எழுதியிருந்தார். கீழே மற்ற பெண்கள் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் முழங்காலிட்டேன். 'கர்த்தாவே, அக்காவை' என்று மனசுக்குள் தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தரம் தொடங்கினேன். அக்காவை என்ற வார்த்தைக்குப் பிறகு அவருடைய சிரிப்பு வந்தது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ரொம்ப நாள் பின்னால் போக வேண்டும்.

எனக்குப் பத்தாவதுதான் படிப்பு. நகரியில் விசைத்தறி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. தறி மோட்டார் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு சித்தூர் வந்தேன். ஞானஸ்நானம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாதபோது என் முதல் லெந்து வந்தது. அந்த நாட்களில் சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். எங்கள் வீட்டு முறை வந்த அன்று என் கணவர் மஞ்சள் காமாலையில் உள் அறையில் படுத்திருந்தார். சோறு கண்டால் ஓங்கரிப்பு, கண்ணெல்லாம் மஞ்சள். கூடத்தில் முப்பது பேர். பாட்டெல்லாம் முடிந்ததும் சபை மூப்பர், "புது மருமக ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டும்" என்றார்.

எனக்குத் தெரிந்த மாதிரி ஜெபித்தேன். "இயேசு சாமி, உள்ளே படுத்துக்கினு இருக்கிறவரு எழுந்து நடமாடினா உனக்கு மொட்டை அடிச்சிக்கிறேன். முடி பூரா உனக்குத்தான். அவரைக் காப்பாத்து சாமி."

நகரியில் எங்கள் வீட்டில் கடவுளிடம் அப்படித்தான் கேட்போம். எனக்குச் சின்ன வயதில் ஜுரம் வந்தபோது அம்மா அப்படித்தான் நேர்ந்துகொண்டாள். கேட்கிறவள் தன்னிடம் இருப்பதில் பெரியதைத் தருவதாகச் சொல்லிக் கேட்பாள். என்னிடம் இருந்தது இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. வேறு ஒன்றும் என்னுடையது என்று அந்த வீட்டில் இல்லை.

முதலில் அக்காதான் சிரித்தார். "ஐயோ மே! இங்க மொட்டை யாரு அடிப்பா, ஐயகாருவா?" என்றார். ஐயகாரு என்றால் எங்கள் போதகர். அவரே சிரித்துவிட்டார். அதற்கப்புறம் எல்லோரும். குழந்தைகள்கூடச் சிரித்தார்கள். நான் கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். திறந்தால் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்குமே.

கணவர் ஒரு மாதத்தில் தேறினார். நேர்ந்துகொண்டது மட்டும் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. யாரிடம் கேட்பது? ஒரு நாள் காலையில் சடையின் நுனியில் ஒரு சாண் முடியைக் கத்தரித்து, ஒரு துணியில் முடிந்து, கோயில் மதில் ஓரத்து முருங்கைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் தீர்ந்தது.

அக்காவுக்குத் தீரவில்லை. கல்யாணம், பேர் வைப்பது, புது வீடு என்று நாலு பேர் சேர்ந்தால் அந்தக் கதை வந்துவிடும். "எங்க ஊட்டு சின்ன மருமக இயேசுவுக்கே மொட்டை நேர்ந்துகினவ!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை. என் பிரசவத்துக்கு இரண்டு வாரம் பக்கத்தில் இருந்து பத்தியச் சோறு பொங்கிப் போட்டவர். என் மகளுக்குக் காது குத்தியபோது தன் மகளுடைய கம்மலைக் கழற்றிக் கொடுத்தவர். அதனாலேயே யாரிடமும் போய் அக்கா இப்படி என்று சொல்லவும் முடியாது. சொன்னால், 'இதுக்குப் போயா' என்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கூட்டங்களில் ஜெபம் என் பக்கம் வரும்போதெல்லாம் பக்கத்துப் பெண்ணின் கையை லேசாகத் தொடுவேன். அவர் புரிந்துகொண்டு தான் ஜெபிக்கத் தொடங்குவார். கை தொடுகிறவள் என்றே சபையில் என்னைத் தெரியும்.

இதெல்லாம்தான் அந்த வெள்ளிக்கிழமை கோணிமேல் முழங்கால் போட்டபோது வந்தது. எழுந்து பருப்புச் சட்டியைக் கழுவினேன். திரும்ப வந்து முழங்காலிட்டேன். ஒரு பெண் குழந்தை தூக்கத்தில் உருண்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அதை நகர்த்திப் படுக்க வைத்தேன். மணி இரண்டரை. சுவரில் காய்கறிப் படங்கள் ஒட்டிய சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டை, கத்தரி, பீர்க்கங்காய். தெலுங்கில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அக்காவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அது தூக்கமோ வேலை மும்முரமோ இல்லை. சொல்லமாட்டேன் என்று உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்குப் போனை எடுத்தேன். எனக்கு அடுத்த முறை தபாலாபீசிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுக்கு. இரண்டு தரம் அடித்ததும் துண்டித்தேன்.

வாயைத் திறக்காமலும் பொய் சொல்லலாம் என்று அப்போது தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் என் கணவர் திருப்பதியிலிருந்து போன் செய்தார். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். ஆனால் ரத்தம் நிற்கவில்லை, திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள், இப்போது ஐசியூவில் வைத்திருக்கிறார்கள் என்றார். "டாக்டர் நாளைக்குத்தான் சொல்லுவேன்றாரு. நீ ஜெபம் பண்ணிக்கினு இரு" என்று வைத்துவிட்டார்.

நான் அப்போது முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு முட்டையின் ஓட்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, முட்டையைக் குப்பையில் போட்டேன். டீச்சர், "என்னாச்சு உனக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அன்றைக்கெல்லாம் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நல்ல படிப்பு படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சர்க்கரை உள்ள உடம்பில் ரத்தம் போகும், அதற்கும் உன் ஒரு மணி நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் ஜெபித்தால் நல்லது நடக்கும் என்று நம்புகிறவள், ஜெபிக்காமல் விட்டதற்கு ஒன்றும் நடக்காது என்று எப்படி நம்புவாள்? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியவில்லை. பன்னிரண்டு கண்ணியில் ஒன்றை நான்தான் அறுத்தேன். அந்த இடத்தின் வழியாகத்தான் ரத்தம் போகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கோயிலில் லெந்து ஆராதனை. ஊதாத் துணி போர்த்திய சிலுவையைப் பார்க்காமல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தத் தபாலாபீஸ் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே. வெள்ளிக்கிழமை சங்கிலி ஒரு எடத்துலயும் அறுவல. அதான் இன்னும் உயிரு நிக்குது. உன் மிஸ்டு கால் சரியா மூணு மணிக்கு வந்துச்சு, பாரு" என்றார். நான் தலையை ஆட்டினேன். இன்னொரு பொய்.

ஐயகாருவிடம் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் போகும்வரை குழாயடியில் காலைக் கழுவுகிற மாதிரி நின்றேன். அவர் கதவைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை. பக்கத்தில் போனேன்.

"ஏமம்மா, செப்பு" என்றார். அவர் எங்களோடு பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசுவார்.

"ஐயகாரு..."

"சொல்லும்மா."

"குருத்தோலை ஞாயித்துக்கு ஓலை இந்த வாட்டி எங்கேர்ந்து வருது?"

அவர் உதைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கார்வேட்டிநகரம் பக்கத்துலேர்ந்து. எப்பவும் வர்ற எடம்தான். ஏம்மா, உங்க ஊட்ல தென்னை மரம் கீதா?"

"இல்லீங்க ஐயகாரு."

"சரி" என்றார். ஸ்கூட்டர் கிளம்பியது. நான் ஈரக்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

ஜெபிக்காமல் இருந்தேன் என்றில்லை. செவ்வாய் மதியத்திலிருந்து ஜெபித்துக்கொண்டேதான் இருந்தேன். அடுப்படியில், குளியலறையில், கடைக்குப் போகும் வழியில். அடுத்த வெள்ளிக்கும் சபை அக்காவைத்தான் காரியமாக வைத்திருந்தது. அன்றைக்கு மதியம் ஒரு நிமிடம்கூட எழுந்திருக்கவில்லை. முழங்கால் மரத்துப்போகும்வரை, 'அக்காவைப் பிழைக்க வை, அக்காவைப் பிழைக்க வை' என்று கெஞ்சினேன். மூன்று மணிக்கு மிஸ்டு கால் கொடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஒரு மணி நேரமும் நான் கேட்டது அக்காவுக்காக இல்லை. அவர் செத்துப்போனால் நான் என்ன ஆவேன் என்ற பயத்தில் எனக்காகக் கேட்டேன். போன வெள்ளி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த வெள்ளி ஆயிரம் வார்த்தை சொன்னேன். இரண்டிலும் அக்கா இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. அபாயம் தாண்டியது என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. ஆனால் பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இப்போது யாருக்கும் தெரியவேண்டாம், தப்பித்துக்கொண்டாய் என்றது. அதுதான் பயத்தைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை லீவு போட்டேன். அக்காவின் மகள் நான்கு நாளாகத் தூங்காமல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பகலில் நான் இருக்கிறேன், நீ போய்க் குளித்துவிட்டுத் தூங்கு என்று போனில் சொன்னேன். காலை பஸ் பிடித்தேன். சித்தூரிலிருந்து திருப்பதி போய்ச் சேரும்வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சந்திரகிரி வந்தபோது, சொல்லவே வேண்டாம், நோயாளியிடம் போய் இதைச் சொல்வது பாவம் என்று ஒரு நியாயம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அந்த நியாயம் கையில் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பழம் வாங்கும்போது திரும்பக் கிடைத்தது.

பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில். அக்கா ஜன்னல் ஓரத்தில் இருந்தார். ஊரே கேட்க ஜெபிக்கிறவர், கல்யாண வீட்டில் அவர் குரலை வைத்தே அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அவர் ஒரு பச்சைத் துணிக்குள் பாதி ஆளாகக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் வாய் பழையபடிதான் பேசியது.

"இன்னாம்மே, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா? நான் போயிட்டப்புறம் மாலை வாங்கிக்கினு வரலாம்னு இருந்தியா?"

"அப்படிலாம் பேசாதீங்கக்கா."

"இன்னா கொண்டாந்த?"

"சாத்துக்குடி."

"சக்கரைக்காரிக்குச் சாத்துக்குடி. நல்லா வாங்கியாந்தே. அந்தம்மாவுக்குக் குடு." பக்கத்துக் கட்டிலில் புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் படுத்திருந்தார். அவருக்குத் துணையாக அவருடைய மாமியார் கீழே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கொடுத்தேன். அந்த மாமியார் உடனே உரிக்கத் தொடங்கிவிட்டார்.

அக்காவுக்கு முகம் துடைத்தேன். தலை வாரினேன். நர்ஸ் சொன்னபடி மெல்லப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போட்டேன். இந்த வேலையெல்லாம் எனக்குச் சுலபம். தினம் இருபது பிள்ளைகளுக்குச் செய்கிறவள். முதுகு என் பக்கம் இருந்தபோது அக்கா பேசினார்.

"மே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ரெண்டு டு மூணு உன் முறைதானே?"

என் கை நின்றுவிட்டது. "ஆமாக்கா."

"அன்னைக்கி காலையிலேர்ந்து வயித்துல பயம் உருண்டுக்கினே இருந்துச்சு. சோறு எறங்கல. இவரு இன்னா சொன்னாலும் எரிஞ்சி உழுந்தேன். ரெண்டு மணி ஆச்சு. கடியாரத்தைப் பாத்தேன், நெனப்பிருக்குது. அப்பிடியே யாரோ கைய வெச்ச மாதிரி நின்னுபோச்சு மே. தூங்கிட்டேன். மூணரைக்குத்தான் முழிச்சேன். வாய் தொறக்காதவ உள்ளுக்குள்ள எவ்ளோ ஜெபிச்சிருக்கான்னு நெனச்சிக்கினேன்."

பவுடர் டப்பாவை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். அவர் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சொல்லாமலே வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் திட்டியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அந்த நன்றியைத்தான் கையில் வாங்க முடியவில்லை. அது என்னுடையது இல்லை. அவர் தூங்கிய அந்த ஒரு மணி நேரம் நான் காய்கறிப் பெயர் படித்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் அவர்மேல் கை வைத்தது யார்? நான் கேட்காமலே ஆண்டவர் கொடுத்தாரா? கொடுப்பாரென்றால் நாங்கள் எதற்கு? இதற்கெல்லாம் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இன்னும்தான் கிடைக்கவில்லை.

"அக்கா" என்றேன். "அன்னைக்கி நான் ஜெபிக்கல."

"இன்னா?"

"முழங்கால் போட்டேன். உங்க பேரைச் சொல்ல வாய் வரல. மூணு மணிக்குச் சும்மா மிஸ்டு கால் மட்டும் குடுத்துட்டேன்."

அவர் திரும்ப முயன்றார். வலித்தது போல. நான் பிடித்துத் திருப்பினேன். முகத்துக்கு நேராக வந்ததும் கேட்டார். "ஏன்?"

"மொட்டை."

"இன்னா மொட்டை?"

"நான் மொதமொதல்ல ஜெபிச்சது. நீங்க சிரிச்சது. இன்னைவரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறது."

ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவர் வாய் சிரிப்புக்குப் போனது. பழக்கம்தானே. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தையலு..." என்றார். கண்ணை மூடி வலி அடங்கும்வரை இருந்தார். திறந்தபோது சிரிப்பு இல்லை.

"அதை இத்தனை வருசமா வெச்சிக்கினு இருந்தியா?"

"ஆமா."

"நான் சாவக் கெடந்தேன் மே. ரெண்டு வாட்டி உள்ள இட்டுக்கினு போனாங்க. நீ அந்த மொட்டையை வெச்சிக்கினு இருந்தியா?"

"ஆமாக்கா."

"ஒரு நாளு, ஒரு வாட்டி, அக்கா அதைச் சொல்லாதேன்னு சொல்லியிருக்கக் கூடாதா? வாயில இன்னா வெச்சிக்கினு இருந்தே?"

"அந்த வாயத்தானே நீங்க மூடிட்டீங்க."

இப்படி ஒரு பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டில் மாமியார் சாத்துக்குடிச் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் வரைக்கும் நான்தான் துணை. நோயாளியை விட்டுப் போக முடியாது. கோபத்தோடு ஒருவர் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. நடுவில் நர்ஸ் வந்து ஊசி போட்டார். நான் கஞ்சி ஊட்டினேன். அக்கா வாயை மட்டும் திறந்து வாங்கினார்.

கஞ்சி முடிந்து வாயைத் துடைத்தபோது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் வரல மே."

"என்னக்கா?"

"ஜெபம். ஐசியூலேர்ந்து வந்ததுலேர்ந்து. கண்ணை மூடினா அந்த லைட்டுதான் வருது, மிசினு சத்தம்தான் வருது. கர்த்தாவேன்னு சொன்னா அதோட நின்னுபோவுது. ஊரெல்லாம் என்னைக் கூப்ட்டு ஜெபிக்கச் சொல்லுவாங்க. இப்ப எனக்கே ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. பொண்ணுகிட்ட சொன்னா பயந்துடும். நேத்து ஐயகாரு போன் பண்ணி ஜெபிச்சாரு. ஆமென்னு சொன்னேன், அவ்ளோதான். எங்கயோ யாருக்கோ ஜெபிக்கிற மாதிரி இருந்துச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ பண்ணு."

"வீட்டுக்குப் போயி கண்டிப்பா..."

"இங்க. இப்ப. சத்தமா."

"அக்கா, எல்லாரும் கீறாங்க."

"இருக்கட்டும். நான் சிரிக்கமாட்டேன். சிரிச்சா தையலு பிரிஞ்சிடும், உனக்கே தெரியும்."

எழுந்து நின்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால் போட இடமில்லை, கீழே தண்ணீர் சிந்தியிருந்தது. கண்ணை மூடினேன். இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு என் ஜெபத்தை நானே காதால் கேட்டேன். குரல் யாரோ கீழ்வீட்டுக்காரி பேசுகிற மாதிரி இருந்தது.

"சாமி. நான் அக்கா மேல கோவமா இருக்கிறேன். அது உனக்குத் தெரியும். இன்னும் போவல. போயிடுச்சின்னு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன், போன வாரம் ஏமாத்துனது போதும். அக்காவும் இப்ப என் மேல கோவமா கீறாங்க. அவங்களுக்கு அந்த லைட்டு கண்ணுக்குள்ள வருது. அதை எடுத்துடு. அவங்க தையலு ஆறணும். சக்கரை எறங்கணும். அவங்க இல்லன்னா எனக்கு..."

அங்கே நின்றுவிட்டது. நான் சொல்ல வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுபடி தொடங்கினேன்.

"அவங்க இல்லன்னா எனக்கு யாரு மேல இவ்ளோ கோவம் வரும், சாமி. அவங்க வீட்டுக்கு வரணும். கோவத்தை அப்புறமா பாத்துக்கலாம். மொதல்ல அவங்க வரணும்."

அக்காவின் பெயரைச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். வாய் வந்தது.

பக்கத்துக் கட்டில் மாமியார் தன் மருமகளிடம் கேட்பது காதில் விழுந்தது. "இன்னாடி இது, ஜெபமா, சண்டையா?"

"சும்மா இரு அத்தே" என்றாள் மருமகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. உள்ளே அமைதியாக ஆகிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. முதுகில் வேர்வை ஓடியது. ஆமென் சொல்லலாமா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தெரியாமல் கண்ணை மூடியபடியே நின்றேன். நல்ல முடிவாக ஒரு வசனம் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபம் இருந்தது என்றே நினைக்கிறேன். கண் ஓரத்திலிருந்து காது வரைக்கும் ஈரமாக ஒரு கோடு.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"தெரியலக்கா."

"முடிக்கலன்னா பண்ணு. நான் எங்க போவப் போறேன்."

திரும்பக் கண்ணை மூடிக்கொண்டேன்.